மேற்கு ஜன்னலில் மங்கல் கண்ணாடி

1594, பிப்ரவரி 12

சந்தேகம் வந்த அன்றே தேதி போட்டு எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, "அப்பவே ஏன் சொல்லலை?" என்று நம்மையே கேட்பார்கள். என் பெயர் பெல். ஹார்க்கம் வீட்டில் முப்பத்தொரு வருஷமாகக் காரியஸ்தன் நான். எனக்குத் தெரியாத தில்லுமுல்லு கிடையாது. அதனால்தான் இந்த நோட்டு. இதை யாரும் தொடக்கூடாது என்று என் மனைவி சிசிலியிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவளுடைய அப்பா தேவாலயத்தில் எழுத்தராக இருந்தவர், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆபத்தே அங்கேதான்.

முதல் சந்தேகம் புது வீட்டின்மேல்.

பெரிய ஐயா காலமான மறு வருஷமே அவர் மனைவி, சீமாட்டி, பழைய வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், மேட்டின்மேல், புது வீடு கட்ட ஆரம்பித்தார். இப்போது மூன்று மாடி எழும்பிவிட்டது. நானும் எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். வீடு என்றால் நடுவில் முற்றம், சுற்றிலும் கட்டு, முன்னால் காவல் வாசல். ஜன்னல்கள் முற்றத்தைப் பார்க்கும், ஊருக்கு முதுகைக் காட்டும். இந்த வீட்டில் முற்றமே கிடையாது. நாலு பக்கமும் வெளியே பார்த்த ஜன்னல்கள். மாடி ஏற ஏற ஜன்னலும் உயர்ந்துகொண்டே போகிறது. உச்சி மாடி ஜன்னலில் மூன்று பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்கலாம். இரண்டு ஜன்னலுக்கு நடுவே மிஞ்சிய இடத்துக்குத்தான் சுவர் என்று பெயர்.

"வீட்டுக்குள்ள நடக்கறதையெல்லாம் ஊர் பாக்கணுமா?" என்று தலைமை மேஸ்திரி ரோலண்டிடம் கேட்டேன்.

"ஊர் பாக்கறதுக்கு இல்ல ஐயா, ஊரை நாம பாக்கறதுக்கு" என்று சிரித்தான்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை.

பிப்ரவரி 15

கண்ணாடி விஷயம். இதுநாள்வரை கண்ணாடி ஆளோடு போகும் சொத்து, வீட்டோடு நிற்பதல்ல. பட்டு மெத்தை, வெள்ளிப் பாத்திரம் மாதிரிதான் அதுவும். சீமாட்டி லண்டனுக்குப் புறப்பட்டால் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடிகளைச் சட்டத்தோடு கழற்றி, வைக்கோல் சுற்றி, எண் போட்டு, என் அறையில் வைத்துப் பூட்டுவோம். அவர் திரும்பி வரும்வரை ஜன்னலுக்கு மரப்பலகைதான். முப்பத்தொரு வருஷத்தில் என் பொறுப்பில் உடைந்தது ஒரே ஒரு சில்லு. அதுவும் பூனையால்.

புது வீட்டில் கண்ணாடியைக் கல்லோடு வைத்துப் பூசிவிடப் போகிறார்களாம். இனிமேல் கழற்றவே வேண்டாமாம். "கண்ணாடி இனிமே சாமான் இல்ல ஐயா, சுவரு" என்கிறான் ரோலண்ட். அப்படியானால் என் இடுப்புச் சாவிக்கு என்ன வேலை? நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பிப்ரவரி 23

ரோலண்ட் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தான். கோடுகளை வேண்டுமென்றே மங்கலாக இழுத்திருக்கிறான், மற்றவர்களுக்குப் புரியக்கூடாதென்று. சீமாட்டி எப்படியோ புரிந்துகொண்டார். நானும் தலையாட்டி வைத்தேன்.

கூடம் வாசலிலிருந்து பின்பக்கம்வரை வீட்டின் குறுக்கே நேராக ஓடுகிறதாம். இந்த நாட்டில் யாரும் இப்படி வைத்ததில்லையாம், பெருமையாகச் சொல்கிறான். சீமாட்டி சாப்பிடப்போவது அந்தக் கூடத்தில் அல்ல. உச்சி மாடியில் பெரிய அறை ஒன்று, அங்கே. வேலைக்காரர்கள் கீழே. உணவு மேலே போவதற்குள் ஆறிவிடும் என்றேன், யாரும் கேட்கவில்லை. எஜமானும் ஆட்களும் ஒரே கூடத்தில் சாப்பிட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். கையில் காரியஸ்தனுக்குரிய வெள்ளைக் கோலோடு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவன் நான். நடு என்பதே இல்லாத வீட்டில் நான் எங்கே நிற்பது?

இன்னொன்று. இரண்டாம் மாடியில் தென்மேற்கு மூலையில் ஒரு சின்ன அறை. இரண்டு பக்கமும் ஜன்னல். வீட்டிலேயே வெளிச்சம் அதிகம் விழுகிற இடமாம். "இது யாருக்கு?" என்று கேட்டேன். ரோலண்ட் பதில் சொல்லாமல், என் பக்கத்தில் நின்ற சிசிலியைப் பார்த்தான். சிசிலி தரையைப் பார்த்தாள்.

மார்ச் 4

மூடுபனி. பள்ளத்தாக்கில் இந்த வருஷம் விலகவே மாட்டேன் என்கிறது. சிசிலியிடம் சொன்னேன். "ஆமாங்க" என்றாள்.

மார்ச் 19

நடைவழியில் பெஞ்சை யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள். முழங்காலில் நல்ல அடி. மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரித்தேன். பெஞ்சு பத்து வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது என்று மூவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். முன்னமே பேசி வைத்துக்கொள்ளாமல் மூன்று பேர் ஒரே மாதிரி சொல்ல முடியுமா?

மெழுகுவர்த்திக்காரனை மாற்ற வேண்டும். திரியில் ஏதோ கலப்படம். சுடரைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது.

மூக்குக்கண்ணாடி விற்றவனும் ஏமாற்றுப் பேர்வழிதான். இது மூன்றாவது.

ஏப்ரல் 20

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டைச் சுற்றிச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து ஜன்னல் எண்ணினேன். முன்பக்கம் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு. உள்ளே போய் அறை அறையாகத் தொட்டு எண்ணினால் பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். ஒரு ஜன்னலுக்கு உள்ளே அறையே இல்லை! சுவரைத் தட்டினேன், பொள்ளென்று சத்தம் கேட்டது. இந்த நாளில் ஒளிவறை எதற்குக் கட்டுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ராணி தடை செய்திருக்கிற ரோமாபுரிப் பாதிரியை ஒளித்துவைத்தால் வீடே பறிபோகும், தலையும் போகும். நேராக ஓடிப்போய்ச் சீமாட்டியிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டதாகச் சிசிலி பிறகு சொன்னாள்.

ரோலண்டை வரவழைத்து அந்தச் சுவரை இடிக்கச் சொன்னார். உள்ளே புகைபோக்கி. அவ்வளவுதான்.

"வெளியிலேருந்து பாத்தா வலது பக்கமும் இடது பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும் அம்மா. அந்த இடத்துல புகைபோக்கி வந்துடுச்சு. ஜன்னல் இல்லாட்டி ஒரு பக்கம் பல்லு போன மாதிரி இருக்கும். அதனால ஜன்னல் சட்டம் மட்டும் வச்சு, பின்னால சுவருக்குக் கறுப்பு பூசிட்டேன்."

ஒரு பக்கம் இருப்பது மறுபக்கமும் இருக்க வேண்டும் என்பதற்காகப் பொய் ஜன்னல் வைக்கிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் சீமாட்டி சிரித்துவிட்டார். அது ஆத்திரமாக இருந்தது. போகும்போது, "பெல், அடுத்த தடவை நிச்சயம் பண்ணிக்கிட்டு வாங்க" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

அடுத்த தடவை நிச்சயமாகத்தான் வருவேன்.

மே 28

கண்ணாடிக்காரன் வந்து சேர்ந்தான். பெயர் யோஸ்ட். கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்தவன். பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும் லண்டனில் ஒண்டுக்குடித்தனம். வெளிநாட்டான் என்பதால் எங்கேயும் வேலை கிடைப்பது கஷ்டமாம். இந்த வீடு நன்றாக அமைந்தால் வரிசையாக வேலை வரும் என்று நம்பியிருக்கிறான். இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னான். கேட்காமல் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான்.

ஜூன் 25

உச்சி மாடிப் பெரிய அறையில் மேற்கு ஜன்னலுக்குக் கண்ணாடி ஏறிவிட்டது. சின்னச் சின்னச் சில்லுகளை ஈயப் பட்டையால் கோத்து, கட்டம் கட்டமாக, தரையிலிருந்து கூரைவரை. ஆட்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். சமையற்காரி அழுதேவிட்டாள். "வானத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு மோர் மாதிரி தெரிந்தது.

சீமாட்டி தருவித்தது நார்மண்டியின் முதல் தரக் கண்ணாடி. நானே ஓலை எழுதினேன், எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. நல்லதை வேறெங்கோ தள்ளிவிட்டு மட்டமானதைக் கோத்திருக்கிறான். அதிலும் இடது ஓரம், கீழிருந்து மூன்றாவது கட்டம், படு மோசம்.

யோஸ்டிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "கண்ணாடி கொஞ்சம் மங்கலா இல்லையா?" என்றேன். அவன் கண்ணாடியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான். அது தெரிந்தது.

"ஐயா, மெழுகுவர்த்தியப் பாத்தா சுத்தி வளையம் தெரியுதா?" என்று கேட்டான்.

நான் மெழுகுவர்த்தியைப் பற்றியா கேட்டேன்? பேச்சை எப்படி மாற்றுகிறான் பாருங்கள்!

ஜூலை 10

சிசிலியும் ரோலண்டும் புது வீட்டின் படியடியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வருவது தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். "மூலை அறை", "அவருக்குத் தெரியக் கூடாது" என்ற இரண்டு மட்டும் காதில் விழுந்தது. என் காது நன்றாக இருக்கிறது.

அவளிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க, அடுப்பு எங்க வைக்கறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன், அவள் பொய் சொன்னால் குரல் கீழே இறங்கும். இறங்கியது.

எனக்கு அடுத்த காரியஸ்தன் ஒருவனைப் பார்த்து வைத்துவிட்டார்கள், அந்த அறை அவனுக்கு. அல்லது அதைவிட மோசமாக ஏதோ. எழுதவே கை கூசுகிறது. ரோலண்டுக்கு முப்பத்தெட்டு வயது, பெண்டாட்டி செத்துப்போனவன்.

ஜூலை 11

சாப்பிடவில்லை. சிசிலி என் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டிருக்கிறாள். அதே இடத்தில்தான் இனி எப்போதும் இருக்குமாம். பேசவில்லை.

ஆகஸ்ட் 2

மையிலும் தண்ணீர் கலக்கிறார்கள். தாளின் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்படி எழுதினால் வரி நேராக வருகிறது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 26

நிச்சயம் பண்ணிக்கொண்டுவிட்டேன். தொடர்ந்து பதினான்கு நாள் காலையும் மாலையும் அந்த அறைக்குப் போனேன். கீழ்க் கூடத்திலிருந்து தொண்ணூற்றெட்டுப் படி. வெயில் நாளிலும் அந்தக் கண்ணாடி மங்கல், மழை நாளிலும் மங்கல். மூன்றாவது கட்டத்தின் வழியாக எதிர்மேட்டுத் தேவாலயக் கோபுரம் தெரியவே இல்லை.

சீமாட்டியிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "கண்ணாடியில கைவச்சிருந்தான்னா அவனைக் காவலர்கிட்ட ஒப்படைச்சுடுவேன். இந்த ஜில்லாவுல அவனுக்கு இனிமே ஒரு ஜன்னல் கிடைக்காது. ஆனா பெல், இதுவும் புகைபோக்கியா முடிஞ்சா, காரியஸ்தர் வேலைக்கு நான் வேற ஆள் பாக்கணும்" என்றார்.

செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவனா நானா என்றாகிவிட்டது. ஆகட்டும்.

செப்டம்பர் 17

மழை. கை நனைந்தது. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18

எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று சீமாட்டி வருவதற்கு முன்பே நான் மேலே போய்விட்டேன். சிசிலியும் கூட வந்தாள், வரவேண்டாம் என்றும் வந்தாள். யோஸ்ட் அங்கே இருந்தான். அவனுடைய பூட்ஸ் சத்தம் எனக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு கோலை நீட்டினேன்.

"இடது ஓரம், கீழேருந்து மூணாவது. இப்பவும் சொல்றேன், மோர் மாதிரி இருக்கு. நீயே பாரு, வாயால சொல்லு!"

அவனுடைய பூட்ஸ் ஒரு அடி பின்வாங்கியது. பயந்துவிட்டான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனுடைய நாலு பிள்ளைகள் ஒரு கணம் நினைவுக்கு வந்தார்கள், தள்ளிவிட்டேன்.

"ஐயா, கொஞ்சம் கிட்ட வந்து தொட்டுப் பாருங்க" என்றான், மெதுவாக.

தொடுவதற்கென்ன? பத்தடி நடந்து கையை நீட்டினேன். கை எதிலும் படவில்லை. இன்னும் நீட்டினேன். மணிக்கட்டுவரை போனது. உள்ளங்கையில் தூறல் விழுந்தது.

அந்தக் கட்டத்தில் கண்ணாடியே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சிசிலி வந்து என் கையை உள்ளே இழுத்து, இடுப்பில் கட்டியிருந்த முன்துணியால் துடைத்தாள்.   முப்பத்தொரு வருஷமும் காலடியில் நழுவிப் போவது மாதிரி இருந்தது.

அப்போதுதான் சீமாட்டி உள்ளே வந்தார், ரோலண்டோடு. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மூணாவது கட்டம் காலியா இருக்கே. கண்ணாடி எங்க?"

"காலையில நான்தாம்மா கழட்டினேன்" என்றான் யோஸ்ட். "இன்னும் சாந்து பூசல. கீழ வெயில்ல வச்சா நீங்களே உங்க கண்ணால பாத்துக்கலாமேன்னு. வெயில்தான் ஏமாத்திடுச்சு."

"எதைப் பத்திப் புகாரோ அதையே பாத்துக் கழட்டினியா? கீழ இருக்கறது அதே கண்ணாடிதான்னு நான் எப்படி நம்பறது? காலையிலேயே நல்லதா ஒண்ண மாத்தி வச்சிருக்கலாமே?"

யோஸ்ட் வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. 'கண்ணாடியே இல்லாத இடத்தைக் காட்டி இவர் மங்கல் என்றார் அம்மா' என்று சொன்னால் முடிந்தது கதை. சொல்லவில்லை. நின்றான்.

சீமாட்டி என் பக்கம் திரும்பினார். "பெல், மறைக்கத்தான் கழட்டினானா? நீங்க என்ன சொல்றீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் சாவி என் இடுப்பில், கோல் என் கையில், யோஸ்ட் காவலில். நாக்கு நுனிவரை வந்தது. வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்றேன் அம்மா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை காலை வரைக்கும். அதுக்குள்ள நீங்க வேற எதுவும் சொல்லலேன்னா உங்க புகார் நிக்கும். அவனைக் காவலருக்கு அனுப்பிடுவேன்."

செப்டம்பர் 19

அவன் ஏன் சும்மா இருந்தான்? ராத்திரி பூரா அதே நினைப்பு. என்னிடம் ஏதோ எதிர்பார்க்கிறான். இதை வைத்து என்னைக் காலமெல்லாம் ஆட்டிவைக்கப் பார்க்கிறான். இல்லாவிட்டால் எந்த மனுஷன் சிறைக்குப் போகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பான்?

காலையில் நேராக அவனுடைய பட்டறைக் கொட்டகைக்குப் போனேன். சிசிலி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுடைய சாமானையெல்லாம் ஆட்கள் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம் ஐயா."

"அப்ப ஏன் சொல்லலை?"

கொஞ்ச நேரம் ஈயத்தை எதன்மேலோ தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"எங்கப்பா கண்ணாடி ஊதறவர் ஐயா. நாப்பது வருஷம் உலையையே பாத்துக்கிட்டு நின்னவர். கடைசியில ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நீ ஊதற கண்ணாடி மங்கலா இருக்குன்னு திட்டினாரு. மறுநாளும் திட்டினாரு. ஒரு வருஷம் திட்டினாரு. மணல் சரியில்ல, விறகு சரியில்ல, சாம்பல்ல கலப்படம். ஒவ்வொரு உலையிலயும் இப்படி ஒரு பெரியவர் இருப்பாரு ஐயா. ஊதற எல்லாருக்கும் தெரியும், அவருக்குக் கண்ணு போகுதுன்னு. அவருகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. அவரா சொல்றவரைக்கும் கண்ணாடி மங்கல்தான்னு எல்லாரும் தலையாட்டுவாங்க."

"நீ ஜெயிலுக்குப் போற வரைக்குமா தலையாட்டுவ?"

"பயமாத்தான் இருக்கு ஐயா. ராத்திரி தூக்கமில்ல" என்றான்.  "ஆனா நான் சொன்னா, ஒரு வெளிநாட்டான் தப்பிக்கறதுக்காகக் காரியஸ்தரைக் குருடன்னு சொன்னான்னுதான் ஆகும். யாரு நம்புவாங்க? நீங்க சொன்னாத்தான் அது செல்லும்."

என்னைச் சுற்றி இத்தனை பேர் சதி செய்கிறார்கள் என்று ஏழு மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். செய்தவர்கள் இருக்கத்தான் இருந்தார்கள். பெஞ்சு நகரவில்லை என்று சொன்ன மூன்று பேர். மூடுபனி என்றால் ஆமாங்க என்ற சிசிலி. அழுகை வந்தது. கொட்டகையிலேயே நின்று அழுதேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளைக் கேட்டேன். "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"போன வருஷ அறுவடைக்கே தெரியும். புஸ்தகத்தத் தலைகீழா பிடிச்சுக்கிட்டிருந்தீங்க."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்னையும் சந்தேகப்படுவீங்கன்னு."

"சொல்லாமலே பட்டேன்."

"தெரியும்" என்றாள். "ரோலண்டோடயா? அவன் மூஞ்சியும் அவனும்."

செப்டம்பர் 20, வெள்ளி

சீமாட்டி காலை ஜெபத்திலிருந்து வந்ததும் போய் நின்றேன். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். மேஜை எங்கே இருக்கிறதென்று முதலில் கையால் தடவிப் பார்த்தேன். அவர் பார்க்கட்டும் என்றுதான் தடவினேன்.

"கண்ணாடியே இல்லாத இடத்துல எனக்கு மங்கல் தெரிஞ்சுது அம்மா. கண்ணாடி நல்ல கண்ணாடி. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு. யோஸ்ட் என் கண் முன்னாலயே அதைத் தெரிஞ்சுக்கிட்டு, சொல்லாம நின்னான்."

 பிறகு சாவிக்கொத்தை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. தடுக்க மாட்டாரா என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. தடுக்கவில்லை. அவர் நியாயம் அது. கண் தெரியாதவன் காரியஸ்தனாக இருக்க முடியாது.

"யோஸ்டோட பெட்டியப் பிரிக்கச் சொல்லு" என்று யாரிடமோ சொன்னார். பிறகு என்னிடம்: "பழைய வீட்டை இடிக்கப் போறோம். நீங்க எங்க போவீங்க?"

"தெரியல அம்மா."

"தென்மேற்கு மூலை அறை உங்களுக்குன்னு படத்துல போட்டிருக்கு. உங்க பெண்டாட்டிதான் ரோலண்ட்கிட்ட நல்ல வெளிச்சமா ஒரு அறை கேட்டாளாம். இன்னும் கொஞ்ச நாள் நீங்க படிக்கறதுக்குத்தான்னு எனக்கு இப்பதான் புரியுது. ரோலண்ட் என்கிட்ட உங்களுக்குக் குளிர் ஆகாதுன்னுல்ல சொன்னான்."

சாவி இருந்த இடுப்பைக் கை தடவியது.

"வேலை இல்லாதவருக்கு அறை எதுக்குன்னு கேக்க நினைச்சேன்" என்றார் சீமாட்டி. "ஆனா தென்மேற்கு மூலைய எடுத்தா வடமேற்கு மூலையையும் எடுக்கணும். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணுமே. ரோலண்ட் என் உயிரை வாங்கிடுவான். நீங்களே அங்க இருங்க."

நவம்பர் 21

இன்று முதல் இந்த நோட்டில் சொல்வது நான், எழுதுவது சிசிலி. இதுவரை எழுதியிருந்ததை எல்லாம் நேற்றுப் படித்துவிட்டாள். ரோலண்டைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் அரை மணி நேரம் சிரித்தாள்.

(கால் மணி நேரம்தான். - சி.)

பத்து நாளாகப் புது வீட்டில் இருக்கிறோம். உணவு மேலே போய்ச் சேர்வதற்குள் ஆறித்தான் போகிறது, நான் சொன்னபடியே. கூடத்தில் காற்று வாசலில் நுழைந்து பின்பக்கமாக வெளியேறுகிறது. முற்றம் இல்லாதது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இதையெல்லாம் எழுது என்றால், சிசிலி முகத்தைச் சுளிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மூலை அறையில் காலையில் என் இடது கன்னத்தில் வெயில் விழுகிறது, மத்தியானம் நெற்றியில், சாயங்காலம் வலது கன்னத்தில். மணி கேட்காமலே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான அறையைக் கண்ணில்லாதவனுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று முதல் இரண்டு நாள் நெஞ்சு எரிந்தது. இப்போது அவ்வளவு எரியவில்லை.

யோஸ்ட் நாளைக்கு லண்டனுக்குப் போகிறான். பக்கத்து ஜில்லாவில் ஒரு பிரபு வீட்டு ஜன்னல்கள் முழுவதும் அவனுக்குக் கிடைத்துவிட்டது. சீமாட்டியே ஓலை எழுதிக் கொடுத்தார். விடைபெற வந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று சிசிலி சொல்கிறாள். பூனை உடைத்த கண்ணாடிக்குக்கூட நான் கேட்கவில்லையாம்.

"எனக்கு ஒரு வேலை பாக்கி வச்சிருக்க" என்று அவனிடம் சொன்னேன். "ஜன்னல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும். சுத்திலும் வழவழன்னு இருக்கு. எது ஜன்னல், எது சுவர்னு விரலுக்குக் குழப்பமா இருக்கு."

அவன் கீழே போய் ஒரு சில்லு எடுத்து வந்தான். கண்ணாடியைத் தட்டாகச் சுழற்றும்போது நடுவில் கோல் ஒட்டியிருந்த இடம் தடித்துக் குமிழாக நிற்குமாம். அதை யாரும் நல்ல ஜன்னலில் வைக்க மாட்டார்கள், உலையில் திரும்பப் போட்டு உருக்கிவிடுவார்கள். ஒரு கட்டத்திலிருந்து நல்ல சில்லை எடுத்துவிட்டு, என் நெஞ்சளவு உயரத்தில் அந்தக் குமிழை வைத்து, சுற்றிலும் ஈயத்தை மடக்கினான். கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வெயிலில் சூடேறியிருந்தது.

இந்த வீட்டில் ஆயிரக்கணக்கான சில்லு இருக்கிறது. மட்டமான சில்லு அது ஒன்றுதான், அதை நானே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ரோலண்ட் இப்போது வாசலில் வந்து நிற்கிறான். வடமேற்கு மூலை ஜன்னலிலும் அதே உயரத்தில் ஒரு குமிழ் வைத்தாக வேண்டுமாம். இதைச் சொல்வதற்கு எதற்குச் சிரிக்கிறான்?